புதிய குடும்ப அட்டை வாங்குவது எப்படி: வேலூர் மாவட்டத்தில் தனிக்குடித்தனம் போனவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன தம்பதி, பெற்றோரின் அட்டையிலிருந்து பிரிந்து தங்களுக்கெனப் புதிய குடும்ப அட்டை வாங்குவதற்கான வழிமுறை இது. குடியாத்தம் வட்டத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கும் உறவினர்களுக்கும் சில ஆண்டுகளாக மனு போட்டுக் கொடுத்து வருகிறேன். நிராகரிக்கப்பட்ட மனுக்களையும் எடுத்துவைத்துப் பார்த்திருக்கிறேன். இணையத்தில் படிவத்தை நிரப்புவது அரை மணி நேர வேலைதான். அதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகளை முன்பின்னாகச் செய்வதால்தான் பெரும்பாலான மனுக்கள் திரும்பி வருகின்றன.

ஆதாரைச் சரிசெய்வது முதல் வேலை. ஆவணங்களைச் சேர்ப்பது இரண்டாவது. பழைய அட்டையில் பெயர் நீக்குவது மூன்றாவது. அதன் பிறகே மனு. இந்த வரிசை ஏன் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. தனிக் குடும்பம் என்றால் அலுவலகம் எதைப் பார்க்கிறது

புதிய அட்டை கேட்பவர் தமிழ்நாட்டில் வசிக்க வேண்டும். அவர் பெயர் வேறு எந்த அட்டையிலும் இருக்கக் கூடாது. தனியாக வசித்துத் தனியாகச் சமைக்க வேண்டும். முதல் இரண்டும் காகிதத்திலேயே தெரிந்துவிடும். மூன்றாவதை வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள்.

அப்பா வீட்டு மாடியில் ஓர் அறையில் தங்கிக்கொண்டு, கீழே அம்மா சமைப்பதைச் சாப்பிடுகிறவர்கள் சட்டப்படி இன்னும் அதே குடும்பம்தான். அவர்கள் மனு போட்டால் நிற்காது. அதே மாடியில் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனி மளிகைச் சாமான் என்று இருந்தால், வாசல் ஒன்றாக இருந்தாலும் கேட்பதற்கு இடமுண்டு. தனி மின் இணைப்பு இருப்பது வலுச் சேர்க்கும். அது இல்லையென்பதால் மட்டும் தயங்க வேண்டியதில்லை.

மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியதிலிருந்து, ஓர் அட்டைக்கு ஒருவருக்கே அந்தப் பணம் என்பதால், ஒரே அடுப்பில் சாப்பிடுகிற குடும்பங்கள்கூட அட்டையைப் பிரிக்கக் கிளம்பின. கள ஆய்வுக்கு வருபவர் அந்தச் சந்தேகத்தோடுதான் வாசலில் நிற்பார். உண்மையிலேயே தனியாக இருப்பவர்கள் இதில் மனம் நோக வேண்டாம். அடுக்களையைக் காட்டினால் போதும்.

2. ஆதாரில் மூன்று இடங்களைச் சரிசெய்தல்

கைப்பேசி எண், முகவரி, பெயர் ஆகிய மூன்றையும் இந்த வரிசையிலேயே பாருங்கள்.

ஆதாரோடு இணைத்த கைப்பேசி எண் இப்போது உங்கள் கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணை மாற்ற வேண்டுமானால் ஆதார் மையத்துக்கு நேரில் போய் மாற்றிக்கொள்ளலாம். கைப்பேசியில் ஓ.டி.பி. வந்தால் முகவரி மாற்றத்தை ஆதார் இணையதளத்திலேயே செய்துகொள்ளலாம் என்பதால் எண்ணை முதலில் சரிசெய்வது ஒரு நடையை மிச்சப்படுத்தும்.

அடுத்தது முகவரி. கல்யாணமாகி வந்த பெண்ணின் ஆதாரில் பிறந்த வீட்டு முகவரியும், கணவரின் ஆதாரில் அவருடைய பெற்றோர் வீட்டு முகவரியும், மனுவில் வாடகை வீட்டு முகவரியும் இருந்தால், சரிபார்ப்பவருக்கு மூன்று குடும்பங்கள் தெரியும். பெரியவர்கள் இருவரின் ஆதாரும் புதிய முகவரிக்கு மாறிய பிறகே அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

பழைய வேலூர் மாவட்டம் 2019ஆம் ஆண்டு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. வாலாஜா, ஆற்காடு, அரக்கோணம், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் எடுத்த பழைய ஆதார்களிலும் வாக்காளர் அட்டைகளிலும் ‘வேலூர் மாவட்டம்’ என்றே இருக்கும். அது பிழையன்று. ஆனால் அதைப் பார்த்து மனுவில் மாவட்டத்தையும் வேலூர் என்று தேர்ந்தெடுத்தால் உங்கள் வட்டத்தின் பெயரே பட்டியலில் வராது. இன்றைய வேலூர் மாவட்டத்தில் வேலூர், காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு, கீழ்வழித்துணையாங்குப்பம், பேரணாம்பட்டு ஆகிய வட்டங்களே உள்ளன. கீழ்வழித்துணையாங்குப்பம் என்றால் பலருக்குப் புரியாது. நாம் வாயில் சொல்லும் கே.வி.குப்பம்தான் அது.

கடைசியாகப் பெயர். முன்னெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னும் மற்றொன்றில் பின்னும் இருப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெயரின் எழுத்துகளே வேறாக இருந்தால்தான் சிக்கல். பேரணாம்பட்டுப் பக்கம் உருதுப் பெயர்களும், எல்லையோரக் கிராமங்களில் தெலுங்குப் பெயர்களும் ஒவ்வோர் ஆவணத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருக்கும். ஆதாரில் உள்ளதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு ஏற்பத் திருத்துங்கள். ஏனென்றால் மனு ஒப்பிடப்படுவது ஆதாரோடுதான்.

குழந்தைகளுக்கு ஆதார் எடுத்திருந்தால் நல்லது. கைக்குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் போதும். பிறந்தபோது பெயரில்லாமல் வாங்கிய சான்றிதழாக இருந்தால், பெயரைப் பதிவுசெய்து புதிய பிரதி வாங்கிய பிறகே மனுவில் சேர்க்க வேண்டும்.

3. ஆவணங்களைப் படமெடுத்து வைத்தல்

குடும்பத் தலைவரின் புகைப்படம், எல்லோருடைய ஆதார், ஒரு முகவரிச் சான்று, சமையல் எரிவாயு இணைப்பு இருந்தால் அதன் புத்தகம் ஆகியவை தேவை. முகவரிச் சான்றாக மின்கட்டண ரசீது, சொத்து வரி ரசீது, வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், வாக்காளர் அட்டை, எரிவாயுப் புத்தகம் ஆகியவற்றுள் ஒன்று போதும். வாடகைக்குக் குடியிருப்பவர்கள் மின்கட்டண ரசீதைக் கொடுத்தால் அதில் வீட்டுக்காரர் பெயர் இருக்கும். அப்போது ஒப்பந்தத்தையும் சேர்த்து வைப்பது பாதுகாப்பு.

படங்களைப் பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், நான்கு மூலையும் தெரியும்படி எடுங்கள். கோப்பின் அளவு எவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்பது படிவத்தில் அந்தந்தக் கட்டத்தின் அடியிலேயே எழுதியிருக்கும். வாட்ஸ்அப்பில் இரண்டு மூன்று கை மாறி வந்த படத்தில் ஆதார் எண் மங்கிவிடும். அதை அனுப்பி நிராகரிக்கப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

4. பழைய அட்டையிலிருந்து பெயர் நீக்கம்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. மனு போட்டுவிட்டுப் பிறகு பெயரை நீக்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். மனுவில் ஆதார் எண்ணைப் பதிந்தவுடனேயே, அந்த எண் வேறோர் அட்டையில் இருந்தால் கணினி காட்டிக்கொடுத்துவிடும். என்னுடைய முதல் மனு இப்படித்தான் போனது. என் பெயரைப் பிறந்த வீட்டு அட்டையிலிருந்து நீக்கியாகிவிட்டது என்று அண்ணன் சொன்னதை நம்பி, பார்க்காமல் மனு போட்டேன். அவர் ரேஷன் கடையில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கடையில் சொல்வதால் எந்தப் பெயரும் நீங்காது.

பெயர் நீக்கத்தை உணவுப் பொருள் வழங்கல் துறையின் டி.என்.பி.டி.எஸ். இணையதளத்தில், பழைய அட்டையில் பதிந்த கைப்பேசி எண்ணைக் கொடுத்து, அதற்கு வரும் ஓ.டி.பி. வழியாக நுழைந்து செய்ய வேண்டும். அதாவது அந்தக் கைப்பேசியை வைத்திருக்கும் மாமனாரோ அப்பாவோ உடன் இருக்க வேண்டும். ‘உறுப்பினர் நீக்கம்’ என்ற பகுதியில் பெயரைத் தேர்ந்தெடுத்து, காரணத்தைத் திருமணம் என்று குறித்து, திருமணச் சான்றையோ பத்திரிகையையோ இணைக்க வேண்டும். பதிந்த எண் செயலில் இல்லாவிட்டால் வட்ட வழங்கல் அலுவலகத்தில் அட்டையையும் குடும்பத் தலைவரின் ஆதாரையும் காட்டி முதலில் எண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும்.

கணவன், மனைவி இருவரின் பெயரும் இரு வேறு அட்டைகளிலிருந்து நீங்க வேண்டும். குழந்தையின் பெயர் தாத்தா அட்டையில் இருந்தால் அதுவும் நீங்க வேண்டும். குழந்தையை மறந்து பெரியவர்களை மட்டும் நீக்குவது அடிக்கடி நடக்கிறது.

காலத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. பெயர் நீங்கியதும் பழைய அட்டைக்கு அந்த ஆளுக்குரிய அளவு குறைந்துவிடும். புதிய அட்டை வரும் வரை உங்கள் பங்குக்கு எங்கும் அரிசி கிடைக்காது. இந்த இடைவெளியைக் குறைப்பதற்காகத்தான் ஆதார் திருத்தமும் ஆவணமும் முடிந்த பிறகு நீக்கத்துக்குப் போகச் சொல்கிறேன். நீக்கம் ஒப்புதலான குறுஞ்செய்தி வந்த வாரத்திலேயே மனுவைப் போட்டுவிட வேண்டும். நீக்கல் சான்றின் பிரதியைக் கட்டாயம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடிப் பகுதிகளில் சித்தூர், பலமநேர், வி.கோட்டாவிலிருந்து பெண் எடுப்பது வழக்கம். ஆந்திராவில் அவர்கள் பெயர் அங்குள்ள ரைஸ் கார்டில் இருக்கும். மாநிலம் வேறு என்பதால் தெரியாது என்று விட்டுவிடக் கூடாது. ஆதார் நாடு முழுவதற்கும் ஒன்றே. பெண் வீட்டார் தங்கள் ஊர் கிராமச் செயலகத்தில் மனு கொடுத்துப் பெயரை நீக்கி, அதற்கான தாளை வாங்கி அனுப்ப வேண்டும். தாள் தெலுங்கில் இருந்தாலும் அதை அப்படியே இணைக்கலாம். இதற்கு நாள் பிடிக்கும் என்பதால், அந்தப் பக்கத்து வேலையை மற்ற எல்லாவற்றுக்கும் முன்பே தொடங்கிவிடுவது நல்லது.

5. விண்ணப்பத்தை நிரப்புதல்

அதே இணையதளத்தில் மின்னணு அட்டைக்கான புதிய விண்ணப்பம் இருக்கிறது. இ-சேவை மையத்திலும் போடலாம். மையத்துக்குப் போனால் கீழே சொல்லும் கட்டங்களைத் திரையில் நீங்களே படித்துப் பார்க்காமல் சமர்ப்பிக்க விடாதீர்கள். அங்கே கூட்டம் நிற்கும். தட்டச்சு செய்பவருக்கு உங்கள் பெயர் அன்றைய நாற்பதாவது பெயர்.

தமிழ்ப் பெயர்: ஆங்கிலத்தில் அடித்ததைக் கணினி தமிழாக்கும்போது குறில் நெடிலும், ல, ள, ழ வேறுபாடும் பிறழ்ந்துவிடும். எங்கள் எதிர்வீட்டுக் கலா, அட்டை வந்தபோது ‘காலா’ ஆகியிருந்தார். ஓர் எழுத்துதான். அதைத் திருத்த இன்னொரு மனு, இன்னொரு காத்திருப்பு.

குடும்பத் தலைவர்: 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பிய மூத்த பெண்ணையே அட்டைக்குக் குடும்பத் தலைவியாகக் கருதச் சொல்கிறது. மனைவியின் பெயரில் போடுவதே என் ஆலோசனை. கணவர் வெளியூர் வேலையில் இருந்தால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் அவருக்காகக் காத்திருக்க நேராது. ஏற்கெனவே கணவர் பெயரில் அட்டை இருந்தால், உரிமைத் தொகைக்காக அதை மாற்ற வேண்டியதில்லை. அந்தத் திட்டத்தில் ஆண் தலைவராக உள்ள அட்டையில் அவர் மனைவியே குடும்பத் தலைவியாகக் கொள்ளப்படுகிறார்.

கைப்பேசி எண்: மையத்துக்காரருடைய எண்ணையோ, உதவிக்கு வந்த பக்கத்து வீட்டுப் பையனுடைய எண்ணையோ பதியவே கூடாது. பில் போட்டதும் எத்தனை கிலோ என்று வரும் குறுஞ்செய்தி முதல் பிற்பாடு செய்யும் திருத்தம் வரை எல்லாமே இந்த எண்ணைக் கொண்டுதான் நடக்கும். ஓர் எண்ணுக்கு ஓர் அட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடை: முகவரிக்குரிய கிராமத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு கடையின் பெயரோ குறியீடோ வரும். ஒரே பெயரில் இரண்டு கடைகள் இருப்பதுண்டு. பக்கத்து வீட்டு அட்டையில் அச்சாகியிருக்கும் கடைக் குறியீட்டைப் படமெடுத்துக்கொண்டு போனால் குழப்பம் வராது.

அட்டை வகை: அரிசி அட்டை, சர்க்கரை அட்டை, எந்தப் பொருளும் வேண்டாத அட்டை என்று கேட்கும். அரிசி வேண்டுவோர் அரிசி அட்டையைத்தான் குறிக்க வேண்டும். சர்க்கரை என்று தவறிக் குறித்துவிட்டு, கடைக்குப் போன அன்றுதான் அரிசி இல்லை என்று தெரிந்துகொண்டவர்கள் உண்டு.

எரிவாயு: இணைப்பு இல்லையென்றால் இல்லை என்றே குறியுங்கள். மாமியார் வீட்டு நுகர்வோர் எண்ணை நிரப்பினால், தனிச் சமையல் என்று நீங்கள் சொல்வதை நீங்களே மறுப்பதாகிவிடும்.

சமர்ப்பித்ததும் ஒரு குறிப்பு எண் வரும். அதைத் திரையிலிருந்து படமெடுப்பதோடு, ஒரு தாளிலும் எழுதி ஆதாரோடு வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி தொலைந்து, எண்ணும் தொலைந்து, மனு என்ன ஆனதென்றே தெரியாமல் இரண்டாவது மனு போடுபவர்களுக்கு இரண்டுமே சிக்கிக்கொள்ளும்.

6. கள ஆய்வு

ஆவணச் சரிபார்ப்பு முடிந்ததும் வருவாய் ஆய்வாளரோ, வழங்கல் பிரிவைச் சேர்ந்த ஒருவரோ வீட்டுக்கு வருவார், அல்லது முன்கூட்டித் தொலைபேசியில் அழைப்பார். தெரியாத எண் என்று அந்த அழைப்பைத் துண்டித்துவிடாதீர்கள். இருவரும் வேலைக்குப் போகிற வீடாக இருந்தால், பகலில் வீட்டிலிருக்கும் பக்கத்து வீட்டம்மாவிடம் உங்கள் எண்ணைக் கொடுத்துவைப்பது பயன்படும். கதவு பூட்டியிருந்தது என்று எழுதிவிட்டால் மனு அங்கேயே நின்றுவிடும்.

அசல் ஆவணங்களையும் நீக்கல் சான்றையும் ஒரு பையில் போட்டு வாசலுக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள். கேட்பதற்கு நேராகப் பதில் சொன்னால் போதும். இந்த ஆய்வுக்குக் கட்டணம் ஏதும் கிடையாது.

7. நிலை பார்த்தல், நிராகரிப்பு, முறையீடு

குறிப்பு எண்ணைக் கொண்டு இணையதளத்தில் மனு எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்கலாம். வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். மாதக்கணக்கில் ஒரே படியில் நின்றால் வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். “கார்டு இன்னா ஆச்சு சார்” என்று மட்டும் கேட்டால் வரும் என்ற பதில்தான் கிடைக்கும். குறிப்பு எண்ணையும், நிற்கும் படியையும், தேதியையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டினால் கணினியில் திறந்து பார்ப்பார்கள்.

நிராகரித்தால் காரணத்தைப் படித்துவிட்டு, அந்தக் காரணத்தைச் சரிசெய்த பிறகே புதிய மனுவைப் போட வேண்டும். அதே ஆவணங்களை மறுபடியும் ஏற்றுவதால் ஒரு பயனும் இல்லை. காரணம் தவறு என்று நீங்கள் கருதினால், மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை வட்டத்துக்கு ஒரு கிராமத்தில் நடக்கும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாமுக்குப் போகலாம். எந்தக் கிராமம் என்பது சில நாட்களுக்கு முன் செய்தித்தாளில் வரும். அதுவும் பலிக்காவிட்டால் சத்துவாச்சாரியில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து, மாவட்ட வழங்கல் அலுவலருக்கு அனுப்பச் சொல்லலாம். கட்டணமில்லாத தொலைபேசி எண்கள் 1967, 1800 425 5901.

8. அட்டை கைக்கு வந்த பிறகு

முதலில் பெயர்கள், முகவரி, கடைக் குறியீடு ஆகியவற்றைச் சரிபாருங்கள். அடுத்து அட்டையின் வகையைக் காட்டும் எழுத்துகளைப் பாருங்கள். பி.எச்.எச். என்றால் முன்னுரிமை அட்டை, அதனோடு ஏ.ஏ.ஒய். சேர்ந்தால் மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டை; என்.பி.எச்.எச். என்றால் முன்னுரிமையற்ற அரிசி அட்டை; அதன் பின்னால் எஸ் இருந்தால் சர்க்கரை அட்டை.

அரிசி விலையில்லாமல் கிடைக்கும். அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ. மற்ற அரிசி அட்டைகளுக்கு ஆள் எண்ணிக்கையைப் பொறுத்தது. சர்க்கரை ஆளுக்கு அரை கிலோ, அதிகபட்சம் 2 கிலோ. கிலோ 25 ரூபாய், அந்தியோதயாவுக்கு 13 ரூபாய் 50 காசு. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வீட்டுக்கு வந்ததும் பையையும் குறுஞ்செய்தியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வாங்காத பொருளுக்குப் பில் விழுந்திருந்தால் அன்றே கேட்பது எளிது; அடுத்த மாதம் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

கடையில் உறுப்பினர் ஒருவர் விரல் வைத்தால்தான் பில் விழும். முன்னுரிமை, அந்தியோதயா அட்டைகளில் உள்ள ஒவ்வொருவரும் கடையில் கைரேகை வைத்து விவரத்தை உறுதிசெய்ய வேண்டும். பீடி சுற்றும் பெண்களுக்கும், தோல் பதனிடும் இடங்களில் வேலை செய்பவர்களுக்கும் ரேகை தேய்ந்திருக்கும். கருவி திரும்பத் திரும்ப மறுக்கும். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வேறு விரல்களை வைத்துப் பாருங்கள். அதற்கும் ஏற்காவிட்டால் கருவிழி பார்க்கும் கருவி கடையில் உள்ளதா என்று கேளுங்கள். ஆதார் மையத்தில் கைரேகையைப் புதுப்பித்துக்கொள்வதும் உதவும். கடைக்கு வர முடியாத முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் தங்களுக்குப் பதிலாக ஒருவரை நியமிக்கப் படிவம் கொடுக்கலாம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் இத்தகையோரின் வீட்டுக்கே பொருள் வருகிறது.

வேலைக்காகப் பெங்களூரு போகிறவர்கள் அங்கே அரிசி வாங்க முடியுமா என்று கேட்பார்கள். முன்னுரிமை, அந்தியோதயா அட்டைகளுக்கே வெளிமாநிலத்தில் வாங்கும் வசதி உண்டு. சாதாரண அரிசி அட்டைக்கு அது இல்லை.

9. முன்னுரிமை அட்டையாக மாற்றக் கேட்பது

புதிய அட்டை பெரும்பாலும் முன்னுரிமையற்றதாகவே வரும். ஆதரவற்ற விதவைகள், கடும் ஊனமுற்றோர் உள்ள வீடுகள், உழைக்க முடியாத முதியவர்கள் மட்டும் வாழும் வீடுகள் ஆகியோர் வகை மாற்றம் கோரி வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுத்தில் மனு கொடுக்கலாம். வருமான வரி கட்டுபவர், அரசு ஊழியர், நான்கு சக்கர வாகனம் வைத்திருப்பவர் உள்ள குடும்பங்கள் இதற்குத் தகுதி பெறமாட்டா.

விதவைச் சான்று, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வருமானச் சான்று ஆகியவற்றுள் உரியதை இணைத்து, கொடுத்ததற்கு முத்திரையுடன் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். புதிய அட்டைக்கான மனுவிலேயே இதையும் சேர்த்துக் கேட்டு இரண்டையும் தாமதப்படுத்திக்கொள்ள வேண்டாம். அட்டை வந்து, ஒரு மாதம் பொருள் வாங்கி, கடையில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று தெரிந்த பிறகு இந்த மனுவைக் கொண்டு போங்கள்.